டிரோகேன்டருக்குத் தமிழில் "திமில்" பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். தொடையெலும்பின் மேல்முனையில், கழுத்தடியில் இருக்கும் இரண்டு மேடுகளை ஆங்கிலத்தில் டிரோகேன்டர் என்கிறார்கள். அவற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறேன்.

"தொடையெலும்பு முறிவு என்ற சொல் இருக்கும்போது புதிதாக என்ன வேண்டும்?" என்று ஐயா நேற்றுக் கேட்டிருந்தார். மருத்துவக் குறியீட்டுப் பணியில் இருப்பவள் நான். அந்த ஒரு சொல் போதவில்லை, ஐயா.

போன மாதம் என் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது கால் குட்டையாகி, பாதத்தின் வெளிவிளிம்பு மெத்தையைத் தொடும்படி திரும்பிக் கிடந்தது. மருத்துவமனை தந்த தமிழ்த் தாளில் "இடுப்பெலும்பு முறிவு" என்று எழுதியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்புக்கு ஒன்றுமில்லை. முறிந்தது தொடையெலும்பின் மேல்முனை. "இடுப்பு உடைந்ததற்குத் தொடையில் ஏன் கம்பி வைக்கிறார்கள்?" என்று மாமா கேட்டதில் என்ன தவறு?

நோய்களுக்கும் காயங்களுக்கும் குறியீடு தரும் பன்னாட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் இடுப்பெலும்பு முறிவு எஸ்32-இல் வருகிறது, தொடையெலும்பு எஸ்72. அதற்குள் 72.0 கழுத்து, 72.3 தண்டு, 72.4 கீழ்முனை. இவற்றுக்குத் தமிழ் தானாக வந்துவிடுகிறது. டிரோகேன்டர் ஊடாகச் செல்லும் முறிவான 72.1, அதற்குக் கீழே முறியும் 72.2 இரண்டும்தான் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தினால் கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் பெரிய டிரோகேன்டர். சிறியது உள்பக்கம், சற்றுக் கீழே, பின்புறமாக இருக்கிறது. "புடைப்பு" என்றால் வீக்கம் என்று படிப்பார்கள். "உருளி" நல்ல சொல்தான். ஆனால் இதே எலும்பின் கீழ்முனையில் முழங்கால் சில்லு வழுக்கிச் செல்லும் டிராக்ளியாவுக்கு அது வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை திமில். காளைக்குக் கழுத்தடியில் திமில். தொடையெலும்புக்கும் கழுத்தடியில்தான் இந்த மேடு. பெரியது பெருந்திமில், சிறியது சிறுதிமில்; இரண்டுக்கும் இடையே முறிந்தால் திமிலிடை முறிவு (72.1), கீழே முறிந்தால் திமிலடி முறிவு (72.2).

மறுமொழி:

அன்புச் சகோதரிக்கு,

எலும்பு மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். படித்ததுமே "திமில்" மனத்தில் ஒட்டிக்கொண்டது. கழுத்து முறிவையும் திமிலிடை முறிவையும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். கழுத்து மூட்டுறைக்குள் இருக்கிறது. அங்கே முறிந்து விலகினால் பந்துமுனைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அறுபட்டு, அது மடிந்துபோகக்கூடும். முதியவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கைப் பந்து பொருத்துவது அதனால்தான். திமிலிடையில் இரத்த ஓட்டம் தாராளம். திருகாணியும் தகடும், அல்லது எலும்பின் உள்குழலில் இறக்கும் கம்பியும் வைத்து நிறுத்தினால் பெரும்பாலும் கூடிவிடும். சிறுதிமில் பெரிய துண்டாகப் பிரிந்திருந்தால் கவலைப்படுவேன். முறிவு எளிதில் நிலைகொள்ளாது என்பதற்கு அது அடையாளம். ஆகவே அந்தச் சிறியதற்கும் பெயர் கட்டாயம் வேண்டும்.

"திமிலடி" மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அடிபட்டது என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கிறது; விபத்துத் தாளில் அது குழப்பும். 72.2-க்குத் "திமில்கீழ் முறிவு" என்போம். 72.1-இன் தலைப்பு ஊடாகச் செல்வதைக் குறிப்பதால், அதைத் "திமிலூடு முறிவு" என்று வைத்து, திமிலிடையை அதன் உள்வகையாக்கலாம்.

நாளைக் காலை வார்டில் எக்ஸ்ரேயைக் காட்டி இந்தச் சொற்களிலேயே விளக்கிப் பார்க்கிறேன். நோயாளிகள் என்ன சொன்னார்கள் என்று மாலையில் எழுதுகிறேன்.