வீட்டிலிருந்து வேலை செய்யும் 14 பேர் குழு: லீடாக எதை முதலில் மாற்றுவது?

காட்பாடி_லீட்:

வணக்கம். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் (டாக்டர் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை) செய்யும் குழுவுக்கு டீம் லீடாக இருக்கிறேன். மொத்தம் 14 பேர். காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், வாலாஜா, ஆற்காடு, ஆரணி என்று ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்தே வேலை. அதில் 5 பேர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள்.

காலையில் 45 நிமிடம், மாலையில் 30 நிமிடம் மீட்டிங் நடக்கிறது. இரண்டிலும் எல்லாரும் "ஓகே சார்" என்கிறார்கள். சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்புக் கோப்பு) தேங்கிக் கிடப்பது மட்டும் கெடுவுக்கு முந்தின நாள்தான் தெரியவருகிறது. சந்தேகம் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. ஒரே கேள்விக்குத் திங்கட்கிழமை ஒரு பதில், வியாழக்கிழமை வேறு பதில். புதியவர்கள் வாயே திறப்பதில்லை. கரண்ட் போனால் யார் வேலையில் இருக்கிறார்கள் என்றே புரிவதில்லை. இதற்கு நடுவில், 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருளைப் போடலாமா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

சார்ட்_ஆடிட்:

முதலில் வாட்ஸ்அப்பை நிறுத்துங்க, மற்றதெல்லாம் அப்புறம். நோயாளி விவரம் ஒரு வரி அங்கே போனாலும் 1996-ல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி சிக்கல். சார்ட்டின் போட்டோ, ஸ்கிரீன்ஷாட் எதுவும் சொந்த போனுக்குப் போகவே கூடாது. "கரண்ட் போச்சு", "நெட் வந்துடுச்சு" என்று சொல்ல மட்டும் அந்த குரூப் இருக்கட்டும்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வருவதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. பெரும்பாலும் பதில் சொன்னவர் மேல் தப்பு இருக்காது, கேள்வி அரைகுறையாக வந்திருக்கும். "ப்ராபபிள் நிமோனியான்னு எழுதியிருக்கு, கோடு போடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார் (ப்ராபபிள் என்றால் இருக்கலாம், இன்னும் உறுதியில்லை). உள்நோயாளி, டிஸ்சார்ஜ் குறிப்பில் டாக்டர் அப்படி எழுதியிருக்கிறார் என்றால், நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோடு போடணும். வெளிநோயாளி என்றால் போடக்கூடாது. இருமல், காய்ச்சல் என்று உறுதியான அறிகுறியைத்தான் போடணும். திங்கட்கிழமை வந்தது உள்நோயாளி சார்ட், வியாழக்கிழமை வந்தது வெளிநோயாளி சார்ட் என்றால் இரண்டு பதிலும் சரிதான். குரூப்பில் அதை மேலே தள்ளித் தேடிப் பார்த்துப் போடுகிற மூன்றாவது ஆள்தான் மாட்டிக்கொள்வார். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "இது ஓபி சார்ட்டாச்சே" என்று சொல்லியிருப்பார். வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால் கேள்வியிலேயே அது இருக்கணும்.

கேள்வி இந்த மாதிரி வரட்டும்:

"வேலை எண் 4127. வெளிநோயாளி. டாக்டர் குறிப்பில் ப்ராபபிள் நிமோனியா என்று இருக்கிறது. உறுதியாகாததால் இருமலும் காய்ச்சலும் மட்டும் போடப்போகிறேன். சரியா? மாலை 4 மணிக்குள் தெரிந்தால் இன்றே முடித்துவிடுவேன்."

நோயாளி பெயரோ மருத்துவமனைப் பதிவு எண்ணோ இதில் இல்லை. கேட்பவரின் சொந்த முடிவும் அதில் இருப்பதால் நீங்கள் "சரி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். "சார், ஒரு டவுட்" என்று மட்டும் வந்தால் பதில் எழுதாதீங்க, இந்த வடிவத்தில் திரும்பக் கேட்கச் சொல்லுங்க. ஒரு வாரம் விடாமல் செய்தால் பழகிவிடும்.

பதிலை ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றுங்க. கம்பெனி அனுமதித்த ஷீட் போதும். தேதி, கேள்வி, முடிவு, எந்த விதிப்படி, முடிவு செய்தவர், எதுவரை செல்லும் என்று 6 நெடுவரிசை. கடைசி நெடுவரிசையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம் குறியீட்டுத் தொகுப்பு ஒவ்வொரு அக்டோபர் 1-லும் மாறும், சிகிச்சை முறைகளுக்கான சிபிடி தொகுப்பு ஜனவரி 1-ல் மாறும். இருமலுக்கு முன்பு ஆர்05 என்று போட்டால் போதும். 2021 அக்டோபர் 1-லிருந்து அது ஆர்05.1, ஆர்05.9 என்று பிரிந்துவிட்டது. பழைய பதிவைப் பார்த்து வெறும் ஆர்05 போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் கிளெய்ம் திரும்பி வரும். ஆகவே செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு சீனியர்கள் உட்கார்ந்து பதிவேட்டை வரிவரியாகப் பார்த்து, செல்லாததை அடிக்கணும். அக்டோபர் முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை இலக்கையும் குறைத்து வையுங்க. அப்போது பழைய வேகத்தைக் கேட்டால் தப்புதான் வேகமாக வரும்.

தேக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு: 15 நிமிடம் பதிவேட்டிலும் விதியிலும் தேடணும். கிடைக்கவில்லை என்றால் கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டை எடுக்கணும். ஒருவர் கையில் 3 சார்ட்டுக்கு மேல் சந்தேகத்தில் நிற்கக்கூடாது, நாலாவது வந்தால் போன் பண்ணணும். நீங்கள் 11 மணிக்கும் 4 மணிக்கும் உட்கார்ந்து எல்லாக் கேள்வியையும் முடியுங்க. நீங்கள் லீவு என்றால் அன்றைக்குப் பதில் சொல்பவர் யார் என்று முதல் நாளே பெயர் எழுதியிருக்கணும்.

தினமும் எத்தனை சார்ட் பாக்கி என்று பார்க்கிறீங்க இல்லையா, அதோடு எது எத்தனை மணி நேரமாக நிற்கிறது என்றும் பாருங்க. 40 சார்ட் பாக்கி, எல்லாம் இன்று வந்தவை என்றால் பயமில்லை. 6 சார்ட் பாக்கி, மூன்று நாளாக நகரவில்லை என்றால் அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

பாலாற்றங்கரை:

மேலே சொன்னது நடைமுறைக்கு வந்துவிட்டால் மீட்டிங் தானாகச் சுருங்கிவிடும். 14 பேர், தினம் 75 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 17 மணி நேரத்துக்கு மேல் போகிறது. இரண்டு ஆள் வேலை அது. மாலை மீட்டிங்கை எடுத்துவிட்டு, ஷிப்ட் முடியும்போது ஒவ்வொருவரும் 4 வரி எழுதட்டும்: முடித்தது எத்தனை, நிற்பது எது, ஏன் நிற்கிறது, நாளை எந்த நேரம் இருக்கமாட்டேன். காலை மீட்டிங் 15 நிமிடம். அதில் யாரும் ஒப்பிக்க வேண்டாம், நிற்கும் சார்ட்டை மட்டும் பேசினால் போதும்.

மிச்சமாகும் நேரத்தைத் தனித்தனிப் பேச்சுக்குக் கொடுங்கள். 14 பேரிடமும் வாரம் 30 நிமிடம் என்றால் 7 மணி நேரம், உங்களால் முடியாது. புதியவர்கள் 5 பேருக்கு வாரம் ஒருமுறை, மற்ற 9 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 4 மணி 45 நிமிடத்தில் அடங்கும். நேரத்தை நிலையாகக் குறித்துவிடுங்கள். தள்ளிவைக்கலாம், ரத்து செய்யாதீர்கள். இரண்டு முறை ரத்தானால் மூன்றாம் முறை அவர்கள் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

"எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்" தவிர வேறு எதுவும் வராது. நம் பக்கத்தில் அது மரியாதைக்குச் சொல்வது, அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "இந்த வாரம் எந்த சார்ட்டில் ரொம்ப நேரம் போச்சு? அதைத் திறங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஏழெட்டு விநாடி அமைதி நமக்கே சங்கடமாக இருக்கும், அதை நிரப்பப் போகக்கூடாது. அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான பதில்.

புதியவர்களுக்கு முதல் மூன்று நாளாவது நேரில் பயிற்சி கொடுங்கள். காட்பாடி சந்திப்புக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தால் குடியாத்தம், வாலாஜா இரண்டு பக்கமிருந்தும் ரயிலில் வந்துவிடலாம். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. அது நீங்களாக இருக்கக்கூடாது, அவர்களைவிட ஒரு வருடம் மட்டும் மூத்தவராக இருந்தால் கூச்சம் இருக்காது. அவருக்கு அந்த மாதம் இலக்கில் தள்ளுபடி கொடுங்கள், இல்லாவிட்டால் புதியவரின் போனை எடுக்க யோசிப்பார். ஆடிட் (முடித்த சார்ட்டைச் சரிபார்ப்பது) முதல் இரண்டு வாரம் நூறு சதவீதம், 95 சதவீதத் துல்லியம் நிலைத்தால் 50, பிறகு 25, பிறகு மற்றவர்களுக்கு உள்ள அளவு.

காட்பாடி_லீட்:

மிக்க நன்றி. ஒன்று கேட்கணும். குழுவில் இரண்டு பேர் என்னைவிட வயதில் பெரியவர்கள். அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆடிட்டில் தப்பு வந்தால் சொல்ல முகதாட்சண்யமாக இருக்கிறது. எழுதி அனுப்பினால் கோபமாகத் தெரிகிறது, சொல்லாமல் விட்டால் அடுத்த வாரமும் அதே தப்பு வருகிறது.

பாலாற்றங்கரை:

முறை சொல்லிக் கூப்பிடுவதை மாற்ற வேண்டாம். வரிசையை மாற்றுங்கள்: முதலில் குரல், பிறகு எழுத்து. போன் செய்து, "அக்கா, 4098 திறந்திருக்கேன். இரண்டாவது பக்கத்துல டாக்டர் இடது கால்னு எழுதியிருக்கார், நம்ம கோடு வலது கால்னு போயிருக்கு. பாருங்களேன்" என்று சார்ட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். "நீங்க கவனிக்கிறதில்லை" என்று ஆளைப் பற்றிப் போகாதீர்கள். வைத்த உடனே இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்: எந்த எண், எது மாறணும். பேசிவிட்டு எழுதினால் அது குறிப்பு. எழுத்து மட்டும் போனால் அதைப் படிக்கிறவர் உங்கள் குரலைத் தானாகவே கோபமாக்கிக்கொள்வார்.

பொதுச் சேனலில் யார் தப்பையும் பெயர் சொல்லிப் போடாதீர்கள். தப்பின் வகையை மட்டும் போடலாம்: "இந்த வாரம் இடது வலது மாறியது 5 இடத்தில்."

குடியாத்தம்_நெட்:

கரண்ட் பற்றி யாரும் எழுதவில்லை. இது லீடின் வேலைதான், ஒவ்வொருவர் தலைவிதி என்று விட்டுவிடக்கூடாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதி, எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. காலையில் போனால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். ஒரு காலண்டரில் 14 பேரின் துணைமின் நிலையத்தையும் எழுதி வைத்துக்கொண்டால், அன்றைக்கு அந்த ஆளுக்கு ஷிப்டை முன்னால் தள்ளலாம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் கரண்ட் போவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். ஆனால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் போயிருக்கும், ரூட்டர் செருகிய பிளக் மெயின் லைனில் இருக்கும். சேர்ந்த முதல் வாரமே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 10 நிமிடம் வேலை செய்து பார்க்கச் சொல்லுங்க. லேப்டாப் 65 வாட், ஃபேன் 75, ரூட்டர் 10, மொத்தம் 150 வாட். நல்ல 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி இதை 6 மணி நேரம் தாங்கும். நாலைந்து வருடப் பழசு என்றால் பாதிகூட வராது. இன்வெர்ட்டரே இல்லாதவருக்கு, ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிக் கொடுக்கலாம். ரூட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்கணும், குறைவாக இருந்தால் ரூட்டர் அணைந்து அணைந்து எரியும்.

கரண்ட் இருந்தும் நெட் இல்லை என்றால் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. எரிந்தால் கோளாறு பெரும்பாலும் ரூட்டரில் இல்லை, லைனில். ரூட்டரை அணைத்துப் போட்டு அரை மணி நேரம் வீணாக்க வேண்டாம், உடனே போன் ஹாட்ஸ்பாட். அந்த சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கணும்.

சித்திரைக் கத்திரியில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி தாண்டும். மாடி அறையில் மதியம் லேப்டாப் சூடேறி வேகம் குறையும், ஆளும் சோர்ந்துவிடுவார். மே மாதம் மட்டும் காலை ஷிப்ட் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்க. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா. அந்த ஊர் ஆட்கள் எல்லாரும் லீவு கேட்பார்கள், இலக்கை முன்கூட்டியே திட்டமிடுங்க.

சார்ட்_ஆடிட்:

ஸ்கிரீன்ஷாட் விஷயத்துக்கு வருகிறேன், அது விட்டுப்போச்சு. மேலிடத்தில் இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாகப் பேசுகிறார்கள், அதைப் பிரித்துச் சொல்லுங்க.

தகவல் பாதுகாப்பு ஒன்று: விபிஎன் (கம்பெனிக்கான பாதுகாப்பான இணைய இணைப்பு), யுஎஸ்பி தடை, எந்த சார்ட்டை யார் எப்போது திறந்தார் என்ற பதிவு. இது கட்டாயம் வேணும். என்ன பதிவாகிறது என்று ஊழியருக்கும் எழுத்தில் சொல்லணும்.

ஆள் வேலை செய்கிறாரா என்று பார்ப்பது வேறு. கோடிங்கில் வேலை என்பதே படிப்பதுதான். 60 பக்க உள்நோயாளி சார்ட்டில் ஆபரேஷன் குறிப்பைப் படிக்கிறவர் 8 நிமிடம் மவுசைத் தொடமாட்டார். அந்த மென்பொருள் அவரைச் சும்மா இருந்தவர் என்று காட்டும். படிக்காமல் கிளிக் செய்கிறவர் சுறுசுறுப்பாகத் தெரிவார். ஒரு மாதத்தில் எல்லாரும் படித்துக்கொண்டே மவுசை அசைக்கப் பழகிவிடுவார்கள், துல்லியம் இறங்கும்.

அதற்குப் பதில் மேலிடத்துக்கு வாரம் ஒரு பக்கம் அனுப்புங்க. சார்ட் வகைவாரியாக முடித்த எண்ணிக்கை வேணும். எமர்ஜென்சி சார்ட்டையும் உள்நோயாளி சார்ட்டையும் ஒரே எண்ணில் கூட்டாதீங்க, கஷ்டமான சார்ட்டை எடுப்பவர் சோம்பேறியாகத் தெரிவார். ஒருவருக்கு 10 சார்ட் வீதம் குலுக்கி எடுத்து, யாருடையது என்று ஆடிட்டருக்குத் தெரியாமல் பார்த்த துல்லியம் வேணும். 24 மணி நேரத்துக்கு மேல் நிற்பவையும் காரணத்தோடு. தப்புகளை மூன்றாகப் பிரியுங்க: விதி தெரியாதது, கவனக்குறைவு, டாக்டர் குறிப்பே தெளிவில்லாதது. முதலாவதுக்குப் பயிற்சி, மூன்றாவதுக்கு மருத்துவமனைக்குக் கேள்வி அனுப்பணும். கவனக்குறைவு எந்த நேரத்தில் நடந்தது என்று பாருங்க. பெரும்பாலும் ஷிப்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் குவிந்திருக்கும். அந்த நேரத்துக்கு லேசான சார்ட்டை ஒதுக்கினாலே பாதி குறையும்.

காட்பாடி_லீட்:

திங்கட்கிழமையிலிருந்து பதிவேடும் 4 வரியும் தொடங்குகிறேன். கிளையன்ட் மீட்டிங் இரவு 7.30-க்கு இருக்கிறது. சிலர் வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிட வைக்கிற நேரம் அது. மாற்றக் கேட்கலாமா?

குடியாத்தம்_நெட்:

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு குளிர்காலத்தில் 7.30, கோடையில் 6.30. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரம் மாறும், நம்முடையது மாறாது. காலண்டர் அழைப்பை நியூயார்க் நேரத்திலேயே போட்டு வையுங்க. மாறுகிற வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை குழுவுக்கு ஒரு வரி நினைவூட்டல் போடுங்க. கேட்பதில் தப்பே இல்லை. 14 பேரும் அந்த மீட்டிங்கில் இருக்க வேண்டியதுமில்லை. நீங்களும் அன்றைய சீனியர் ஒருவரும் போதும், பேசி முடித்ததைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் மற்றவர்கள் காலையில் படித்துக்கொள்வார்கள்.