எஃப்டிஎல்: டிஃபென்ஸ் ட்ரோன் மார்க் 2-வை உருப்படியா மாத்த என்ன வழி?

கடல்புறா77:
எஃப்டிஎல் (அந்த விண்கப்பல் சண்டை கேம்) இன்னும் ஆடுறவங்க இருக்கீங்களா? எதிரி விடுற குண்டை வழியிலயே சுட்டுத் தள்ளுற டிஃபென்ஸ் ட்ரோன் பத்தி ஒரு சந்தேகம். மார்க் 1 லேசரை விட்டுட்டு மிஸைலை சுடும், மார்க் 2 லேசரையும் சேர்த்து சுடும். மார்க் 1 ரெண்டு பவர், 50 ஸ்க்ராப் (கேம்ல அதான் காசு). மார்க் 2 மூணு பவர், 70 ஸ்க்ராப். காசும் கூட, பவரும் கூட, ஆனா மிஸைல் வந்தா காப்பாத்துறது என்னவோ மார்க் 1 தான். நேத்து எதிரிகிட்ட ஒரு பர்ஸ்ட் லேசர், ஒரு ஹெர்மிஸ் மிஸைல். எனக்கு ஷீல்டு நாலு லேயரும் ஃபுல்லா நிக்குது, லேசர் மூணும் பட்டாலும் கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது. என்னோட மார்க் 2 அந்த லேசரைப் போய் சுட்டுட்டு அடுத்த ஷாட்டுக்கு காத்துட்டு இருக்கு, பின்னாடியே வந்த ஹெர்மிஸ் ஷீல்டைத் தாண்டி நேரா வெப்பன்ஸ் ரூம்ல இறங்கிடுச்சு, 3 டேமேஜ், ரூம்ல தீ வேற. சொந்தமா ஒரு சின்ன மாட் (கேம் ஃபைலை மாத்துறது) போட்டு சரி பண்ணலாம்னு இருக்கேன். கூல்டவுனை, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல காத்திருக்கிற நேரத்தை, பாதியா குறைச்சா போதுமா?

இரும்புக்கப்பல்:
ப்ரோ, கூல்டவுன்ல மட்டும் கை வைக்காதீங்க. ட்ரோனோட நம்பர் எல்லாம் இருக்கிற அந்த ப்ளூபிரிண்ட் உங்களுக்கு மட்டும் இல்ல, எதிரி கப்பலுக்கும் அதேதான். நீங்க வேகமாக்கினா அவனோடதும் வேகமாகும். அப்புறம் உங்க ஆர்டெமிஸ் மிஸைல் ஒண்ணு கூட போய்ச் சேராது. அதை விடக் கொடுமை மார்க் 1-ஐ வேகமாக்குறது, ஏன்னா அது மிஸைல் மட்டும் அடிக்கிறதில்ல, விண்கல், போர்டிங் ட்ரோன், எதிரி கப்பலோட சிஸ்டத்தை முடக்க நாம அனுப்புற ஹேக்கிங் ட்ரோன் எல்லாத்தையும் அடிக்கும். ஹேக்கிங்கை நம்பி ஆடுறவன் ட்ரோன் பார்ட்டைச் செலவு பண்ணி அனுப்பினது பாதி வழியிலயே வெடிச்சுப் போச்சுன்னா அந்த சண்டையே கை விட்டுப் போன மாதிரிதான்.

நான் எப்பவுமே சொல்றது, மார்க் 2-க்கு வேகம் பிரச்சனையே இல்ல, எதை அடிக்கணும்ங்கிறதுதான் பிரச்சனை. ஷீல்டு தாங்கிக்கிற குண்டுக்கும் ஷீல்டைத் தாண்டுற குண்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, வர்றதை அடிக்கும் அவ்ளோதான். அந்த முன்னுரிமையை ப்ளூபிரிண்ட் ஃபைல்ல மாத்த முடியாது. அதுக்கு ஹைப்பர்ஸ்பேஸ் மாதிரி எஞ்சினுக்குள்ளயே கை வைக்கிற மாட் வேணும்.

நட்சத்திரவாசி:
மேல சொன்னது சரி. ஆனா எதிரிக்கும் சேர்த்து மாறாம இருக்க ஒரு வழி இருக்கு நண்பா. எதிரி கப்பல்கள் ட்ரோனைத் தனி லிஸ்ட்லேர்ந்து எடுக்கும். அதனால மார்க் 2-வை அப்படியே காப்பி பண்ணி வேற பேர்ல ஒரு புது ப்ளூபிரிண்ட் போடுங்க, அதை அந்த லிஸ்ட்ல சேர்க்காதீங்க. பழசோட ரேரிட்டியை (கடையில எவ்ளோ அரிதா வரும்ங்கிற நம்பர்) 0 ஆக்கிட்டா கடையில வராது, புதுசுதான் வரும். ஸ்லிப்ஸ்ட்ரீம்ங்கிற மாட் மேனேஜர் மூலமா போடுங்க, ஒரிஜினல் ஃபைலை நேரா எடிட் பண்ணா அடுத்து வேற மாட் சேர்க்கும்போது தலைவலி. மாட் போட்டதும் புது கேம் ஆரம்பிச்சு பாருங்க.

நம்பர் கேட்டா, நான் மொதல்ல பவரைத்தான் 3-லேர்ந்து 2 ஆக்குவேன். மார்க் 2-வோட உண்மையான பாரமே அந்த மூணாவது பவர்தான், அதை எஞ்சினுக்குக் கொடுத்தா மிஸைலையும் லேசரையும் சேர்த்தே டாட்ஜ் பண்ணலாம். அதுக்கப்புறமும் பத்தலன்னா கூல்டவுனைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, ஒரேயடியா பாதியாக்க வேண்டாம். மிஸைல் பயமே இல்லன்னு ஆயிட்டா கப்பலை மறைக்கிற க்ளோக்கிங் வாங்கவோ எஞ்சினை ஏத்தவோ யாருக்கும் தோணாது, அந்த பயம் இருக்கிறதாலதான் இந்த கேம் நல்லா இருக்கு.

விசைப்பலகை_வீரன்:
மாட் இல்லாம ஆடுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மார்க் 2 கையில மாட்டிக்கிச்சுன்னா ஷீல்டு பலவீனமா இருக்கும்போது மட்டும் ஓட விடுங்க, எதிரி அயான் குண்டு அடிச்சு ஷீல்டை இறக்கிட்டான்னா அப்போ லேசரை சுட்டுத் தள்ளுறது நிஜமாவே உயிரைக் காப்பாத்தும். பாம், பீம் ரெண்டையும் எந்த டிஃபென்ஸ் ட்ரோனும் தடுக்காது, அந்த சண்டையில ட்ரோன் பார்ட்டை (ட்ரோன் இறக்க ஒவ்வொரு தடவையும் செலவாகிறது) வீணாக்காதீங்க. கடைசி பாஸ் கப்பலான ரெபெல் ஃப்ளாக்ஷிப்புக்குப் போகும்போது மார்க் 1 ரெண்டு இருந்தா பெஸ்ட், அவன் ஒரே நேரத்துல மூணு மிஸைல் விடுவான், ஒரு ட்ரோன் சுத்தி வர்றதுக்குள்ள ஒண்ணாவது உள்ள நுழைஞ்சிடும். ட்ரோன் ரெகவரி ஆர்ம் கிடைச்சா விடாதீங்க, பிழைச்ச ட்ரோனோட பார்ட் திரும்பி வந்துடும், ஒவ்வொரு சண்டையிலயும் தயங்காம இறக்கலாம்.

கடல்புறா77:
ரொம்ப நன்றி மக்களே. எதிரிக்கும் அதே ப்ளூபிரிண்ட்ங்கிறது எனக்குத் தெரியாது, அதுவே பெரிய உதவி. காப்பி எடுத்து பவர் 2 போட்டுட்டேன், கூல்டவுனை இப்போதைக்குத் தொடல. விலை 70-லயே விடவா, இல்ல ஏத்தணுமா?

நட்சத்திரவாசி:
80 போட்டு பாருங்க. 70-லயே விட்டா மார்க் 1-ஐ யாரும் சீண்ட மாட்டாங்க, அதுவும் கடையில கிடந்து வீணாப் போகக்கூடாதுல்ல.