திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்: ஃபீல்ட் கெப்பாசிட்டி

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
வணக்கம். திங்களன்று தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மண்ணும் நீரும் பாடம். நல்ல மழை நின்று இரண்டு மூன்று நாளில் மிகைநீர் வடிந்த பிறகும் மண் தன்னிடம் வைத்திருக்கும் நீரளவுக்கு, ஆங்கிலத்தில் ஃபீல்ட் கெப்பாசிட்டி என்பதற்கு, ஒரு சொல் தேவை. கையிலுள்ள குறிப்பில் 'வயல் கொள்ளளவு' என்றிருக்கிறது. அதைச் சொன்னால் பிள்ளைகள் விளைச்சல் என்று நினைத்து "எத்தனை மூட்டை, டீச்சர்?" என்கிறார்கள்.

மறையூர் அன்பர்:
சோலைக்காட்டில் வயல் ஏது? ஆனைமுடிப் பக்கம் மழை விட்ட பிறகும் ஓடை ஓடுகிறதே, மண் பிடித்து வைப்பதால்தானே? 'தேக்குநீர்' எனலாம்.

ஆசிரியை:
ஓடைக்குப் போவது மெல்ல வடிகிற நீர், ஐயா. நான் கேட்பது வடியாமல் நின்று வேருக்கு உதவுவது. தேக்கு என்றால் அணைதான் நினைவுக்கு வரும்.

சித்தூர் விவசாயி:
எங்கள் கரிசலில் 'பதம்' என்போம். பதம் பார்த்துத்தான் ஏர் பூட்டுவது.

பாலக்காட்டுப் புலவர்:
பதம் வடசொல் என்பார்கள். தவிர்க்கலாம்.

சித்தூர் விவசாயி:
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தப் பழமொழியையும் தவிர்த்துவிடுவோமா?

மறையூர் அன்பர்:
வடசொல்லோ தென்சொல்லோ, ஈரப்பதத்தை வானிலைக்காரர்கள் காற்றுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். உழவுப் பதமும் மண் இன்னும் சற்றுக் காய்ந்த பிறகுதான் வரும்.

புலவர்:
'பிடியீரம்'. பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் ஈரம், வினைத்தொகை. கைப்பிடி மண்ணை அழுத்தி ஈரம் பார்க்கிறோமே, அந்தப் பிடியும் அடங்கும். குறள் 1037-இல் 'பிடித்தெருவும் வேண்டாது' என்பதிலும் பிடி கைப்பிடியே. பலம் என்ற பழைய எடையில், ஒரு பலப் புழுதி (குறளில் 'தொடி') கால் பலமாக ('கஃசு') உணங்கினால் கைப்பிடி எருவும் வேண்டாமாம். தொடி பலமானது எப்படியென்றால்...

(இதற்குப் பின் தொடி, கஃசு பற்றி பதினோரு மடல்கள். ஒருவர் தராசுப் படமே அனுப்பினார்.)

மறையூர் அன்பர்:
குறள் சொல்வது காயவிடுவதை, ஐயா. நாம் தேடுவது காயுமுன் இருப்பதை. ஆனாலும் பிடியீரம் மோசமில்லை.

ஆசிரியை:
சரி, பிடியீரம் என்றே எழுதுகிறேன். மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு.

சித்தூர் விவசாயி:
என் எதிர்ப்பு அப்படியே இருக்கட்டும். கரிசல் நிறையப் பிடிக்கும். அதில் பெரும்பங்கை வேருக்குக் கொடுக்காது. மண்ணில் ஈரம் மிச்சமிருந்தும் பயிர் வாடும்போது அந்த எல்லைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஆசிரியை:
அது செவ்வாய்க்கிழமைப் பாடம், ஐயா.