சொந்த காலண்டர் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுதுங்க, எப்படி பிரிக்கறது?

சேர்வராயன்_காத்து:
ஏற்காட்டுல வீட்ல இருந்தே வேலை, வாரத்துல ஒரு நாள்தான் சேலம் அஞ்சு ரோடு ஆபீஸுக்கு இறங்குவேன். புதுசா ஒரு சாஃப்ட்வேர் குடுத்து கூகுள் காலண்டர இணைக்கச் சொன்னாங்க, நானும் யோசிக்காம சொந்த ஜிமெயில குடுத்துட்டேன். இப்ப பாத்தா ஆடில கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கற நாள், அம்மாவோட ஸ்கேன், நகைக்கடன் வட்டி கட்டற தேதின்னு அத்தனையும் டீம் காலண்டர்ல நிக்குது. நேத்து மீட்டிங்ல மேனேஜர் "நகைய திருப்பியாச்சா"ங்கறாரு, மானமே போச்சு. அங்க இருக்கறதெல்லாம் டெலிட் அடிச்சிரலாமா?

தட்டுவடைசெட்:
எல்லாத்தையும் 'பிரைவேட்'னு மாத்திருங்க ப்ரோ, முடிஞ்சுது.

அம்மாபேட்டை_அக்கா:
தம்பி, டெலிட்ல கை வெச்சிராதீங்க! இந்த மாதிரி சாஃப்ட்வேர் பலது ரெண்டு பக்கமும் சிங்க் ஆகும், அங்க அழிச்சா உங்க ஜிமெயில்லயும் போயிரும், எனக்கு அப்படித்தான் பையனோட தடுப்பூசி தேதியெல்லாம் போச்சு, நல்லவேளை கூகுள் காலண்டர் ட்ராஷ்ல 30 நாள் கிடக்கும், கம்ப்யூட்டர்ல திறந்து மீட்டேன். மொதல்ல கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டிக்குள்ள போயி, வெளி ஆப்புகளுக்கு குடுத்த அனுமதி லிஸ்ட்ல இத தூக்குங்க. அனுமதி போனாலும் ஏற்கனவே காப்பி ஆனது அங்க நிக்கும், அத அப்புறமா அழிங்க. பிரைவேட்ங்கறது காலண்டர பாக்க அனுமதி குடுத்த ஆளுங்களுக்குத்தான் மறைக்கும், ஆப்புக்கு நீங்களே சாவிய குடுத்துட்டீங்க, அது உங்க கண்ணாலதான் பாக்குது, மத்தவங்களுக்கு காட்டறதும் மறைக்கறதும் அது இஷ்டம்.

தட்டுவடைசெட்:
அட, இது தெரியாதுங்க்கா.

சேர்வராயன்_காத்து:
சரிங்க்கா, ஆனா பிரிச்சுட்டா ஸ்கேன் நேரத்துலயே மீட்டிங் போடுவாங்களே?

அம்மாபேட்டை_அக்கா:
ஆபீஸ் ஐடில அந்த நேரத்துக்கு வெறும் 'பிஸி'ன்னு கையால ஒண்ணு போட்டுக்கங்க. சொந்த ஈவென்ட்டுக்கு ஆபீஸ் மெயில இன்வைட் பண்ணாதீங்க, தலைப்போட அங்க போயி உக்காந்துக்கும். போன்ல ரெண்டு ஐடியும் ஒரே காலண்டர் ஆப்ல தெரியறது பிரச்சனையே இல்ல, ஆனா புதுசா போடறப்ப எந்த மெயில்ல சேவ் ஆகுதுன்னு ஒருதடவை பாத்துட்டு சேவ் பண்ணுங்க, நெறைய பேரு இங்கதான் மாட்டறாங்க.

சேர்வராயன்_காத்து:
அனுமதிய எடுத்து, ஆபீஸ் ஐடிய மட்டும் இணைச்சு, அங்க நின்னதெல்லாம் அழிச்சாச்சு, ஜிமெயில்ல எல்லாம் பத்திரமா இருக்கு. நன்றிங்க்கா. மேனேஜர்தான் இன்னும் நகைய மறக்கல.