தானியங்கி மின்னஞ்சலில் கையொப்பப் படம் மட்டும் வருவதில்லை

கேள்வி:
தினமும் காலை 6 மணிக்கு என் பைத்தான் நிரல் ஓர் அறிக்கையை அஞ்சலில் அனுப்புகிறது. என் கணினியில் எல்லாம் அழகாகத் தெரிகிறது. பெறுபவர்களுக்கோ, கையொப்பத்தில் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. எங்கே தவறு?

பதில்:
படத்தின் முகவரி ‘சி:’ என்று தொடங்குகிறதா, பாருங்கள். அது உங்கள் வன்தட்டின் பாதை. அடுத்தவர் கணினிக்கு அது எட்டாது. படத்தை அஞ்சலோடு சேர்த்தே அனுப்புங்கள். உரையும் படமும் ஒன்றாகச் செல்லும் ‘மல்டிபார்ட்/ரிலேட்டட்’ அஞ்சல் வகையில் இணைத்து, படப் பகுதியின் ‘கன்டென்ட்-ஐடி’ தலைப்பில் (ஹெடர்) அதற்கு ஒரு பெயர் கொடுங்கள். அஞ்சலின் உடலை வடிவமைக்கும் எச்டிஎம்எல்லில், படத்தின் முகவரியாக அதே பெயரை ‘சிஐடி:’ என்று தொடங்கி எழுத வேண்டும். கவனம்: தலைப்பில் பெயரைச் சுற்றிக் கோண அடைப்புக்குறி (< >) வேண்டும், எச்டிஎம்எல்லில் கூடாது. இந்த ஒரு குறியைத் தேடி நான் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன்.

பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக மாற்றிப் படத்தை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே திணிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஜிமெயில் அதைக் காட்டாது.

கேட்டவர்:
‘சி:’யேதான்! மாற்றியதும் படம் வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் அவுட்லுக்கில் சின்னம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எச்டிஎம்எல்லின் ஸ்டைலில் அகலம் 120 பிக்சல் என்றுதானே எழுதியிருக்கிறேன்?

பதில்:
விண்டோஸின் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக், 2007 பதிப்பு முதல் எச்டிஎம்எல்லை வேர்டின் இயந்திரத்தால் வரைகிறது. ஸ்டைலில் உள்ள அகலத்தை அது படத்துக்கு மதிப்பதில்லை. படக் குறியிலேயே (img) அகலத்தைத் தனிப் பண்பாக (width), 120 என்ற எண்ணாக மட்டும் எழுதுங்கள். கையொப்பத்தை ஒரு சிறு அட்டவணைக்குள் வையுங்கள், வரிசை கலையாது. அஞ்சலில் படங்களைக் காட்டாதபடி வைத்திருப்பவர்களுக்காக, படத்துக்குப் பதிலாகத் தெரியும் மாற்று உரையும் (alt) அவசியம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் தயவுசெய்து படமாக்காதீர்கள்.