பூட்டிக் கிடந்த போர்ஷனில் ஓடிய தண்ணீர்: வாடகை வீட்டு அனுபவங்கள்

மடிப்பாக்கம் கீழ்வீடு:

2019 கோடையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் போர்வெல்லில் மே மாதமே காற்றுதான் வந்தது. கீழே வீட்டுக்காரர்கள் நாங்கள், மாடியில் வாடகைக்கு விட்ட இரண்டு போர்ஷன், மூன்று வீட்டுக்கும் ஒரே 1000 லிட்டர் டேங்க். காலையில் ஏற்றினால் மதியம் காலி. மாடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் படிக்கட்டில் அவளை நிறுத்தி, "ஒரு குழந்தைத் துணியை எத்தனை தடவைம்மா அலசுவே?" என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை. வாளியைப் படியில் வைத்துவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

அப்புறம் மூன்று வாரம் அந்த போர்ஷன் பூட்டியே கிடந்தது. டேங்க் மட்டும் முன்பு போலவே காலியானது. பிளம்பர் வந்து, அங்கிருந்த ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் ஊற்றி, "யாரும் தொடாதீங்க" என்றார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோப்பையின் பின்பக்கம் முழுக்க நீலமாக வழிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ரப்பர் நைந்து போயிருந்தது. மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நீலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வேளச்சேரி வாடகை:

கீழ்வீடு அக்கா, உங்களுக்கு உறுத்துகிறது, சரி. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை.

எங்கள் மாமனார் கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று வாரம் எங்களோடு இருந்தார். மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து, "ஆள் கூடியிருக்கு, தண்ணிக்கு 500 சேர்த்துக் கொடுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அந்த மனிதர் தலைக்குக் குளிக்கவே இல்லை. ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே படுத்திருந்தவருக்கு வாசலில் பேசியது அத்தனையும் கேட்டது. மறுநாளே ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார். பணம் தர மாட்டோம் என்றதும் இரண்டு நாள் ராத்திரி எங்கள் போர்ஷனுக்குத் தண்ணீர் வரும் வால்வு மூடிக் கிடந்தது. எத்தனை தகராறு இருந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

சேலையூர் நாலு வீடு:

வேளச்சேரி சகோதரி, எல்லா வீட்டுக்காரரும் அப்படி இல்லை. தண்ணீர் லாரிக்காரரிடம் வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏமாறுவதையும் கேளுங்கள். எங்கள் சம்ப்பு (தரைக்கடித் தொட்டி) 12 அடி நீளம், 7 அடி அகலம். ஒரு அடி ஏறினால் ஏறக்குறைய 2,380 லிட்டர். 9,000 லிட்டர் லாரி என்றால் 3 அடி 9 அங்குலம் ஏற வேண்டும். ஒருநாள் சந்தேகப்பட்டு, ஒட்டடைக் கம்பை விட்டு முன்னும் பின்னும் அளந்தேன். 3 அடி 1 அங்குலம்தான் ஏறியிருந்தது. ஏறக்குறைய 1,700 லிட்டர் குறைவு. கம்பில் ஈரம் நின்ற இடத்தை டிரைவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, ஹோஸைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை வருஷமாக இப்படி வாங்கினோமோ!

எல்லோருக்கும் சொல்கிறேன். சம்ப்புக்கு ஒரு கம்பு செய்து, அரை அடிக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லா வால்வையும் மூடிவிட்டு டேங்க் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் இறங்கியிருந்தால் டேங்கிலோ வால்வு வரைக்குமான குழாயிலோதான் கசிவு. மட்டம் அப்படியே இருந்தால், அடுத்த ராத்திரியிலிருந்து ஒவ்வொரு போர்ஷனாகத் திறந்து பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட நாளைக்கு 20 லிட்டர் போகும். உப்புத் தண்ணீர் ஏரியாவில் வாஷர் சீக்கிரம் போகும், நாலு வாங்கி வீட்டிலேயே வைத்திருங்கள். மழைநீர்த் தொட்டி தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கட்டாயம், ஆனால் பாதி வீட்டில் ஜல்லி சேறு அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அள்ளி எடுத்து அலசிப் போடுங்கள். மோட்டாருக்குத் தனி ஈபி இணைப்பு என்றால் 2022-ல் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். முக்கியமாக, போர்ஷனுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வைத்துவிட்டால் சண்டையே வராது.

குரோம்பேட்டை மூணு போர்ஷன்:

சேலையூர் சார், இரண்டு திருத்தம். லிஃப்ட் இல்லாத, 3 மாடிக்கு மிகாத, 10 வீடு வரை உள்ள குடியிருப்புகளுக்கு, மோட்டார் போன்ற பொது இணைப்புக் கட்டணத்தை 2023 நவம்பரில் யூனிட்டுக்கு 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். இப்போது எவ்வளவு என்று உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, மீட்டர் வைத்தாலும் சண்டை வரும். நான் மூன்று போர்ஷனுக்கும் வைத்தேன். மூன்றையும் கூட்டினால் டேங்கிலிருந்து போன கணக்கோடு ஒத்து வரவில்லை. குறைந்ததை மூன்றாகப் பிரித்து வாங்கினேன். குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, குழாயைச் சொட்டவிட்டு, அடியில் எவர்சில்வர் டம்ளரை வைத்து, மீட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். டம்ளர் நிரம்பி வழிந்தது. முள் அசையவில்லை. அத்தனை மெல்லிய ஓட்டத்துக்கு அந்தச் சக்கரம் சுற்றாது. "யார் வீட்டுல சொட்டுதோ தெரியாது, ஆனா மூணு பேரும் கொடுக்கிறோம் தம்பி" என்றார். ஆறு மாதம் வாங்கியதைக் கழித்துக்கொடுத்தேன்.

மடிப்பாக்கம் கீழ்வீடு:

வேளச்சேரி தங்கை கேட்டதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பழைய வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பரில் நேற்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நம்பர் மாறவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகிறதாம். விஷயத்தைச் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம் பாத்ரூம்ல சொய்ங்னு கேட்கும் ஆன்ட்டி. சொன்னா ரிப்பேர் செலவை அட்வான்ஸ்ல கழிப்பீங்கன்னு இவர் சொல்ல வேண்டாம்னுட்டாரு."