உப்பளத்துப் பெரியம்மா படம்: ஒரே ரா ஃபைல், ஆளுக்கு ஒரு எடிட்

உப்புக்காற்று (தூத்துக்குடி)

இந்த மாத எடிட்டிங் சவாலுக்குப் படம் தருவது என் முறை. கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது.

மே மாதம், காலை ஆறு மணி தாண்டியிருந்தது. எங்கள் பெரியம்மா உப்புப் பாத்தியில் நின்று, நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை வரப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார். சேலைக்கு மேல் பெரியப்பாவின் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டை, தலையில் துண்டு. சூரியன் அவருக்குப் பின்னால். வானத்தின் நிறம் வெளுத்துவிடக் கூடாதென்று அதற்கே எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைத்தேன்: 35 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, 1/500, ஐஎஸ்ஓ 400. வானம் கிடைத்தது. பெரியம்மாவின் முகம் இருட்டுக்குள் போய்விட்டது.

விடியலும் இருக்க வேண்டும், முகமும் தெரிய வேண்டும். நீங்கள் என்றால் எப்படிச் செய்வீர்கள்?

ரா ஃபைலோடு (கேமரா பதிவு செய்த மாற்றமில்லாத ஃபைல்) டிஎன்ஜியும் (பல ஆப்களில் திறக்கும் ரா வடிவம்) போட்டிருக்கிறேன், போனில் செய்கிறவர்களுக்கும் ஆகும். வேறு வானம் ஒட்ட வேண்டாம். கிராப் செய்யலாம். என்ன செய்தீர்கள் என்பதைப் படத்தோடு எழுதுங்கள், வருகிற ஞாயிறு வரை நேரம். பெரியம்மாவிடம் கேட்டுத்தான் போடுகிறேன். "பிரிண்ட் போட்டுக் கொண்டாய்யா" என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை.

கொங்கு கேமரா (கோவை)

அண்ணா, அருமையான ஃப்ரேம். லைட்ரூமில் செய்தேன். எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டுகிற ஒயிட் பேலன்ஸ் டிராப்பரை உப்பு அம்பாரத்தில் வைத்து அழுத்தினேன், உப்பை விட வெள்ளை வேறென்ன இருக்கிறது? இருட்டான இடங்களைத் தூக்க ஷேடோஸ் +85. முகத்துக்காக ஆரஞ்சு லூமினன்ஸ் (படத்தில் ஆரஞ்சு நிறங்களின் வெளிச்சம்) +35, முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து டெக்ஸ்சர் −40, அப்புறம் புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் 60. கல்யாணப் படங்களுக்கு வழக்கமாகச் செய்வது இதுதான். அம்மா முகம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் வானம் மட்டும் ஏனோ சப்பென்று ஆகிவிட்டது. எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள்.

புதுக்கை (கல்லூரி இரண்டாம் ஆண்டு)

அண்ணா, எனக்கு இதுதான் முதல் சவால். கம்ப்யூட்டர் இல்லை, போனில் ஸ்னாப்சீட்தான். முதலில் ஜேபெக்கில் செய்து பார்த்தேன், வானம் பட்டை பட்டையாக உடைந்தது. அப்புறம் டிஎன்ஜியைத் திறந்தேன், அந்தத் தொல்லை வரவில்லை. செலக்டிவ் டூலில் முகத்தில் ஒரு புள்ளி, கையில் ஒரு புள்ளி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் ஏற்றினேன். அடிவானம் வலது பக்கம் சரிந்திருந்தது, ரொட்டேட்டில் நேராக்கினேன். முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று முழங்காலுக்குக் கீழே இருப்பதைக் கிராப் செய்து வெட்டிவிட்டேன். அது சரியா?

வன்னிக்காத்து (கிளிநொச்சி)

வணக்கம் அண்ணை. எங்கட பக்கம் ஆனையிறவு உப்பளம் இருக்கு, அதனால் இந்தப் படத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. டார்க்டேபிள் மென்பொருளில் கறுப்பு வெள்ளையாகச் செய்தேன். முதலில் சிவப்புச் சேனலைக் (படத்தில் பதிவான சிவப்பு ஒளியின் பங்கு) கூட்டினேன், முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வந்தது. பிறகு பச்சைச் சேனலைப் பிரதானமாக வைத்தேன், முகம் முகமாக வந்தது. வானத்தைக் கொஞ்சம் கூடவே இருட்டாக்கிவிட்டேன் போல. பார்த்துச் சொல்லுங்கோ.

உப்புக்காற்று

மூன்றையும் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் அசல் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கொங்கு கேமரா, உங்கள் படத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கை சுத்தம். மாஸ்க் ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் அந்த முகம் எங்கள் பெரியம்மாவுடையது இல்லை.

ஃபைலில் அவர் கன்னத்தில் கர்சரை வைத்தால், நான் அளவாக வெளிச்சம் ஏற்றிய பிறகு சிவப்பு 41, பச்சை 29, நீலம் 23 சதவீதம் காட்டுகிறது. உங்கள் படத்தில் அதே இடம் 76, 61, 52. அது சிவந்த தோலின் அளவு. கறுப்போ, மாநிறமோ, சிவப்போ, மனிதத் தோலின் சாயல் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் விழும், வீடியோ செய்கிறவர்கள் வெக்டர்ஸ்கோப்பில் (நிறச் சாயலைக் காட்டும் வட்ட வரைபடம்) பார்க்கிற கோடு அதுதான். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது வெளிச்ச அளவு. அதை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். நிழலில் இருக்கிற முகத்தை வெளியே கொண்டுவருவது ஒரு வேலை, முகத்தின் நிறத்தை வெளுப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதற்கு எக்ஸ்போஷர் போதும். ஆரஞ்சு லூமினன்ஸ் செய்வது இரண்டாவதை.

வானம் சப்பென்று போனதற்கும் காரணம் அதே ஸ்லைடர்தான். அடிவானத்தில் இருந்ததும் ஆரஞ்சு. தோலை வெளுக்க ஏற்றியது விடியலையும் சேர்த்து வெளுத்துவிட்டது. 

உப்பில் டிராப்பர் வைத்தது எல்லோரும் விழுகிற குழி, நானும் விழுந்திருக்கிறேன். உப்பு வெள்ளைதான். ஆனால் அம்பாரத்தில் நம் பக்கம் தெரிகிற முகப்பில் வெயில் இல்லை, அதன் மேல் விழுவது வானத்து நீலம். அதை வெள்ளையாக்கு என்று சொன்னால் மென்பொருள் படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். இந்தப் படத்தில் இரண்டு வெளிச்சம் இருக்கிறது: துண்டின் விளிம்பிலும் தோள் ஓரத்திலும் வெயில் போட்ட மஞ்சள் கோடு, முகத்தில் வானத்தின் குளிர்ந்த நீலம். இரண்டும் வேறு வேறாக இருப்பதால்தான் அது காலை என்று தெரிகிறது. ஒயிட் பேலன்ஸை 5200 கெல்வினில் (பகல் வெளிச்சத்துக்கான அளவு) விட்டுவிட்டு, முகத்து மாஸ்க்குக்குள் மட்டும் துளி சூடேற்றிப் பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தரையில் கிடக்கிற உப்பு, ரிஃப்ளெக்டர் மாதிரி கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. தாடைக்கு அடியில் மென்மையாக ஒரு வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை, இருப்பதை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றினால் போதும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் 60 வைத்ததில் உப்புப் பரல்கள் சுவர்ப் பூச்சு மாதிரி ஆகிவிட்டன. பெரியம்மாவின் மூக்குத்தி காணாமலே போய்விட்டது. ஒரு பொட்டு அளவு மின்னல் அது, மென்பொருள் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தேன். கறுத்த முகம் உள்ள நெகட்டிவ் வந்தால் டென்சிட்டி (பிரிண்டின் அடர்த்தி) பட்டனில் இரண்டு மைனஸ் போட்டு வெளுப்பாக பிரிண்ட் எடுக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கினார்கள். யாரும் கேட்டு அல்ல, வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்தது. வெளிநாட்டிலும் இதே கதைதான். கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஷர்லி கார்டில் பல காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், நிறம் சரியா என்று பார்த்தது அதை வைத்து. எங்கள் அக்கா கல்யாண ஆல்பத்தையும் நானே அந்த மெஷினில் பிரிண்ட் போட்டேன், அதே இரண்டு மைனஸ். பெரியம்மா ஆல்பத்தைப் புரட்டி, மணமேடைப் படத்தில் விரலை வைத்து, "இது நானாய்யா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அடையாளம் தெரியாமல் கேட்டார். அந்த நெகட்டிவ்கள் இப்போது இல்லை.

புதுக்கை, முதல் சவால் என்று சொன்னால் நம்ப முடியவில்லை. முகத்தில் நீங்கள் ஏற்றிய அளவு கச்சிதம், மூக்குத்தி அப்படியே இருக்கிறது. ஜேபெக்கில் வானம் உடைந்ததன் காரணம் எளிது: அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான், இந்த ரா ஃபைல் 14 பிட், 16,384 படி. இழுத்தால் தாங்கும். கிராப் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. சேலைக் கரையில் காய்ந்த உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கிறது, குதிகால் வெடிப்பிலும் உப்பு. பெரியம்மா நிற்கிற தண்ணீரும் அங்கேதான் இருக்கிறது. கால்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வன்னிக்காத்து அண்ணை, பச்சைச் சேனலுக்கு மாறினதுதான் இந்தச் சவாலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. தோல் சிவப்புச் சேனலில்தான் அதிகம் வெளுத்துத் தெரியும், அதை நீங்களே கண்டு விலகிவிட்டீர்கள். வானத்தை மட்டும் அரை ஸ்டாப் ஏற்றுங்கள்.

கொங்கு கேமரா

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பல வருடமாக இந்த ப்ரீசெட்டைத்தான் (சேமித்து வைத்த அளவுகள்) எல்லா முகத்துக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன். மறுபடி செய்திருக்கிறேன்: ஆரஞ்சு லூமினன்ஸ் 0, டெக்ஸ்சர் 0, நாய்ஸ் 15, 5200 கெல்வின், முகத்து மாஸ்க்கில் எக்ஸ்போஷர் +1.1. கன்னத்தில் சிவப்பு 43 காட்டுகிறது. மூக்குத்தி வந்துவிட்டது. வானமும் வந்துவிட்டது.

புதுக்கை

கால்களோடு மறுபடி போட்டிருக்கிறேன் அண்ணா. அந்த உப்புக் கோடு என் கண்ணில் படவே இல்லை. இப்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

உப்புக்காற்று

மூன்றையும் எட்டுக்குப் பன்னிரண்டு அளவில், மேட் பேப்பரில் பிரிண்ட் எடுத்து ஊருக்குக் கொண்டுபோனேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கையில் எடுத்து, "ஏய்யா, இதுல இன்னும் விடியலையே" என்றார் (அண்ணை, அந்த அரை ஸ்டாப்!). கோவைத் தம்பி மறுபடி செய்த படத்தை அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்தார். புதுக்கையின் படத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார். சட்டையைத் தொட்டுக் காட்டி, அது பெரியப்பா சட்டை என்று என்னிடமே இரண்டு முறை சொன்னார்.

அடுத்த மாத ஃபைலை யார் தருகிறீர்கள்? 10ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். முகம் உள்ள படமாக இருந்தால் நல்லது.